எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

"அறுபதாம் கல்யாண வீடியோ வர மாட்டேங்குது, உன் பெட்டிக்கு என்ன கேடு?" என்று கேட்டிருந்தாய். பெட்டி படுத்துவிட்டது என்றதும் எல்லாம் போச்சே என்று அழுதாயாம், அத்தான் சொன்னார். ஒன்றும் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

பெட்டியில் நாலு ஹார்ட் டிஸ்க். நம் போட்டோ, வீடியோ, அப்பா பேசின கேசட் எல்லாம் அதில்தான். நாலில் ஒன்று போனாலும் மிச்ச மூன்றும் கணக்குப் போட்டு அதில் இருந்ததை மீட்டுக் கொடுத்துவிடும். அந்த நாலும் கல்லு மாதிரி இருக்கின்றன. பெட்டியைக் கிளப்பிவிடுகிற ட்ரூநாஸ் என்ற சாஃப்ட்வேர் மட்டும் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கும். மண்டையைப் போட்டது அதுதான்.

வேறொன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. ஆனால் அந்தப் பாவி சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு உயிரை விட்டது. ம்யூனிக்கில் எட்டு மணிக்குக் கடை அடைத்தால் திங்கட்கிழமைதான் திறப்பான். ஞாயிறு ஓய்வு இங்கே வெறும் வழக்கமில்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-இல் வைமார் சட்டத்தில் எழுதினார்கள். 1949-இல் புதுச் சட்டம் எழுதியவர்கள் அந்த வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். சுவரில் ட்ரில் போடக் கூடாது. புல்வெட்டும் மெஷின் ஓட்டக் கூடாது. காலி பாட்டிலைக்கூடத் தெருத் தொட்டியில் போடக் கூடாது, 'டங்'கென்று சத்தம் வருமாம். பெட்ரோல் பங்க் உண்டு. அங்கே பீர் கிடைக்கும், பூங்கொத்து கிடைக்கும். ஸ்டேஷன் கடைகளுக்கு விலக்கு உண்டென்று அங்கே ஓடினேன். பயணிக்கு அவசரம் என்றால் பல் பிரஷ்ஷும் சாக்லேட்டும்தான் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, பழசைக் கழற்றியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு ஸ்க்ரூ கைநழுவி மரத்தரையில் விழுந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூ. மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டுப் பாட்டி, "நேற்று மேலே ஏதோ விழுந்ததே, உங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே?" என்றாள். அக்கறை என்று நினைத்துவிடாதே. அது எச்சரிக்கை.

நம்மூர் ஜங்ஷன் பக்கம் என்றால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தாலும் குனிந்து "அண்ணாச்சி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். விலை ஐம்பது ரூபாய் கூடச் சொல்வார், டீயும் வாங்கித் தருவார். இங்கே யாரும் ஏமாற்றுவதில்லை, யாரும் ஷட்டரைத் தூக்குவதும் இல்லை.

திங்கட்கிழமை வாங்கினேன். ட்ரூநாஸுக்கு 16 ஜிபி இருந்தால் போதும். கடையில் இருந்ததிலேயே சின்னது அதைப்போல் பல மடங்கு. செத்ததைக் குப்பையில் போடக் கூடாது என்பது இன்னொரு சட்டம், அதைக் கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். டிஸ்க் ஒவ்வொன்றும் தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற விவரத்தைத் தன்மேலேயே நாலு இடத்தில் எழுதி வைத்திருக்கும், கேபிளை மாற்றிச் சொருகினாலும் குழம்பாது. புதியதில் ட்ரூநாஸை ஏற்றிக் கமாண்ட் அடித்ததும் நாலும் வரிசையாக வந்தன. கூடவே, 'இதைக் கடைசியாகப் பயன்படுத்தியது வேறொரு கம்ப்யூட்டர்' என்று ஒரு வரி. எந்த வேறு கம்ப்யூட்டர்? அதே அலமாரி, அதே பெட்டி! ஆமாமப்பா என்று தலையாட்டி உள்ளே சேர்த்தேன்.

யாருக்கு என்ன பாஸ்வேர்டு, யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்பதெல்லாம் செத்ததோடு போயிருக்க வேண்டியது. அந்த செட்டிங்ஸ் ஃபைலை அவ்வப்போது அத்தான் மெயிலுக்கு அனுப்பி வைத்திருந்தேன். அவர்தான் லாட்டரி விழுந்திருக்கிறது என்று வந்த மெயிலைக்கூட அழிக்காதவர் ஆயிற்றே! ஞாயிறு கறிச்சோற்றுத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தேடச் சொன்னேன். நடுவில் வந்த குட்மார்னிங் மெயில் ஒவ்வொன்றையும் நிதானமாக வாசித்துக் காட்டியபிறகு அனுப்பினார்.

வீடியோவை முழுக்கப் பார்த்தேன். மூன்று மணி நேரம். மோர் எங்கே என்று யாரோ கத்துகிறார்கள். அப்பா மாலையைத் தூக்கிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஃபேனைத் திருப்புங்கப்பா" என்கிறார். அவ்வளவு பேரில் ஒருத்தரும் திருப்பவில்லை. நீ நேரே கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் பாஸ்வேர்டு பழையதுதான். மெயில் பெட்டி நிறைந்துவிட்டது என்று வந்தால் அத்தான் எதையும் அழிக்க வேண்டாம், நான் பணம் கட்டி இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல். லாட்டரி மெயிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் தம்பி