கழட்டி மாட்டும் சகலை

சகலை வீட்டுக்குப் போனால் காபி உடனே கிடைக்காது. கராஜ் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "செருப்பைக் கழட்டாதீங்க, இங்க வாங்க, ரெண்டே நிமிஷம்."

ஃப்ரீமான்ட்டில் இருக்கிறார். பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி, அதில் நாலு சைக்கிள் ஏற்ற ஒரு ஸ்டாண்டு செய்தார். கடையில் விற்கிறார்களே என்று கேட்டுவிட்டேன். "அது கழட்டி மாட்டறதுக்குத் தோதா இருக்காது சகலை" என்றார். இந்தக் கழட்டி மாட்டுவதில்தான் அவர் உயிர் இருக்கிறது.

இரண்டு அங்குலச் சதுரக் குழாய். அதற்குள் நுழைகிற மாதிரி ஸ்டாண்டின் கால். இரண்டையும் குறுக்கே துளைத்து 5/8 அங்குலப் பின் ஒன்று, பின் நழுவாமல் இருக்க ஒரு கிளிப். அவ்வளவுதான் சங்கதி. கிளிப்பை உருவிப் பல்லில் கடித்துக்கொள்வார். அதற்கப்புறம் வருகிற விளக்கமெல்லாம் கிளிப் வழியாகத்தான் வரும். "ஒழு பின்ன உழுவினா போழும்." பின் வராது. ரப்பர் சுத்தியலால் தட்டுவார், எண்ணெய் அடிப்பார். பிறகு, "சும்மா அந்தப் பக்கம் பிடிங்க." சும்மா பிடிப்பது இருபத்தைந்து கிலோ. இறக்கி வைத்து நான் இடுப்பை நிமிர்த்துவதற்குள், "இப்ப மாட்டிக் காட்டறேன்."

வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் காட்டினார். கொலுவுக்கு வந்த மாமிகள் சுண்டல் கிண்ணத்தோடு நின்று பார்த்தார்கள். கணபதி ஹோமம் செய்ய வந்த ஐயர், தட்சணை இன்னும் கைக்கு வரவில்லையே என்று பொறுமையாக மறுமுனையைப் பிடித்தார்.

மனுஷனுக்கு விவரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் ஸ்டாண்டை டிரெய்லரின் பின் பம்பரில்தான் வைத்தார். அது நாலு அங்குலச் சதுரத்தில் மெல்லிய தகட்டுக் குழாய். கழிவுநீர் ஹோஸைச் சுருட்டி வைக்கத்தான் லாயக்கு. சாலையில் பின்பக்கம் போடுகிற குதியலில் வெல்டிங் விட்டுவிடும் என்று அவரே கண்டுபிடித்து அறுத்தெறிந்தார். அதைவிட முக்கியம், டிரெய்லரின் மொத்த எடையில் பத்து சதவீதமாவது முன்னால் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்னால் எடை ஏறினால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். எங்கள் தாத்தா இதைப் 'பின்பாரம்' என்ற ஒரே சொல்லில் முடித்து, வைக்கோல் கட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார். சகலைக்கு இதற்கு ஒரு கோடை முழுக்க ஆனது.

ஸ்டாண்டு முன்பக்கம், கேஸ் சிலிண்டருக்கு மேலே இடம் மாறியது. அதற்கு இன்னொரு கோடை. அதற்குள் என் பையனுக்குச் சைக்கிள் சின்னதாகிவிட்டது.

போன ஜூனில் ஒருவழியாக யோசெமிட்டிக்குக் கிளம்பினோம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது கலிபோர்னியா சட்டம், ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தோம். ஓக்டேலில் பசி. புளியோதரை கார் டிக்கியில். டிக்கியைத் தூக்கினால் சைக்கிள் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. சகலை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "இதுக்குத்தான் கழட்டற மாதிரி செஞ்சேன்." பெட்ரோல் பங்க் வெயிலில் நாலு சைக்கிளையும் இறக்கி, ஸ்டாண்டைக் கழட்டி, புளியோதரையை எடுத்து, மறுபடி எல்லாம் மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம். ஊறுகாயை உள்ளேயே விட்டுவிட்டோம் என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். நான் காதில் விழாதது போல் இருந்தேன். உண்மையாகவே கேட்கிறேன், புளியோதரையைப் பின் சீட்டில் வைத்திருந்தால் என்ன?

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பன்னிரண்டு மைலுக்கு மேல் தார் போட்ட சைக்கிள் பாதை இருக்கிறது. பிள்ளைகள் ஹெல்மெட்டோடு தயாராக நின்றார்கள். சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர், கையில் காபிக் கோப்பையோடு வந்து ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறதே, நீங்களே செய்ததா என்றார். அத்தோடு போயிருக்கலாம். இது தனியாகக் கழன்று வருமா என்று கேட்டுவிட்டார்.

சகலை கிளிப்பை உருவிப் பல்லில் வைத்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.