மேல்தட்டு

கன்னிமாரா பிரபு போகிற போக்கில் மெட்ராஸுக்குத் தன் பெயரை இரண்டு இடங்களில் விட்டுப் போனார், ஒன்று எழும்பூரில் 1896-ல் திறந்த நூலகம், மற்றது பின்னி ரோட்டில் இருக்கும் ஹோட்டல். முன்னது எங்களுக்கு, பின்னது மற்றவர்களுக்கு என்று கல்லூரி நாட்களில் நானும் நண்பனும் பாகம் பிரித்துக்கொண்டிருந்தோம். நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, பாடப்புத்தகத்துக்குள் நாவலைச் செருகிப் படித்துவிட்டு, நாலு மணிக்கு வயிறு கிள்ளத் தொடங்கியதும் வெளியே வந்து தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வாங்குவோம். உங்களுக்கும் அப்படி ஒரு வண்டி இருந்திருக்கும். பஜ்ஜி தீர்ந்த பிறகும் அதைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள் தீராது. எண்ணெய் ஊறி மறுபக்கத்து எழுத்தும் தெரிகிற அந்தத் துண்டில் ஒரு கொலை வழக்கு பாதியில் கிழிந்து நிற்கும், குற்றவாளி யார் என்று நாங்கள் பஸ் ஸ்டாப் வரை வாதாடிக்கொண்டு போவோம்.

சம்பளம் கைக்கு வந்த புதிதில் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்குப் பதவி உயர்வு பெற்றோம். 1962-ல் தொடங்கிய அந்த இடத்தில் மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டிவிடுவார்கள். எங்களிடம் மாட்டுவதற்குக் கதவு இல்லாததால் உள்ளே போய் உட்கார்ந்து, ஒன் பை டூ காபி ஒன்றை வைத்துக்கொண்டு, நான் எழுதப்போகும் நாவலைப் பற்றி (அது இன்னும் எழுதப்படவில்லை) இருட்டும்வரை பேசுவேன், அவனும் நம்புவதுபோல் கேட்பான். 2008-ல் அதை மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. காபி கிடையாது, மரநிழலுக்கு டிக்கெட் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, ஊரிலுள்ள நட்சத்திர ஹோட்டல்களில் ஒவ்வொன்றாக மாலைத் தேநீர் குடித்துப் பார்ப்பது என்று அவன்தான் கிளப்பிவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கும் தாமதமான இரவு விருந்துக்கும் நடுவே பசி தாங்காமல் 1840-களில் பெட்ஃபோர்ட் சீமாட்டி ஆரம்பித்துவைத்த பழக்கமாம். சீமாட்டிக்கும் நாலு மணிக்குத்தான் பசித்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி. பீங்கான் கெண்டியோடு குட்டி மணல் கடிகாரம் ஒன்றையும் வைத்து, மணல் இறங்கிய பிறகே ஊற்ற வேண்டும் என்று பேரன் வயதுப் பையன் பாடம் எடுக்கிறான். அடுத்து மூன்றடுக்குத் தட்டு வருகிறது: கீழே ஓரம் நறுக்கிய சாண்ட்விச், நடுவே ஸ்கோன், உச்சியில் கேக்கும் இனிப்பும். கீழிருந்து மேலே ஏறிச் சாப்பிடுவதுதான் முறை. இரண்டு பேருக்கும் சர்க்கரை இருப்பதால் நடு அடுக்கிலேயே பயணம் நின்றுவிடுகிறது. மேல்தட்டு அன்றும் எங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்தான்.

போன முறை அதே தட்டோடு, பழைய நினைவுக்காகவாம், வெங்காய பஜ்ஜியும் வந்தது. செய்தித்தாள் மாதிரி அச்சடித்த சுத்தமான காகிதக் கூம்பில். அச்சு மை வயிற்றுக்கு ஆகாது என்று அரசே எச்சரித்திருக்கிறது, நல்லதுதான். நண்பன் மட்டும் பழக்க தோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூம்பைத் திருப்பித் திருப்பிப் படித்தான். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறதாம், கொலை ஒன்றும் நடக்கவில்லையாம்.

அட்டையில் விலையை 'இருவருக்கு' என்றே போட்டிருந்தார்கள். ஒன் பை டூ கேட்கக் கூச்சப்பட்ட காலம் போய், அவர்களே அதை அச்சடித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்ததும், "இந்த வரிக்கே அன்னிக்கு டிரைவ்-இன்ல ஒரு வருஷம் உக்காந்திருக்கலாம்டா" என்று முனகியவன், நான் பர்ஸை எடுப்பதற்குள் தன் கார்டை நீட்டிவிட்டு, அடுத்த மாதம் எந்த ஹோட்டல் என்று கேட்டான்.