இஃப் வாக்கியமும் இறக்கை முளைத்த மாணவனும்: ஒரு முன்னாய்வு

ஆங்கில நிபந்தனை வாக்கியங்கள் நால்வகைப்படும் என்பர் பாடநூலார். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கி மூன்றில் முடியும். பெயர் வைக்கச் சோம்பி எண் போட்டவர்கள், விட்டுப்போன ஒன்றைக் கடைசியில் பூஜ்ஜியமாக்கி முன்னால் செருகினார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

பூஜ்ஜிய வகை: தண்ணீரைச் சூடாக்கினால் கொதிக்கும். ஆராய ஏதுமில்லை.

முதல் வகை: படித்தால் தேறுவாய். சொல்பவர் ஆசிரியர், நம்புபவர் யாருமில்லை (எதிர்வீட்டுப் பாட்டி, திண்ணை உரை, காலைப் பதிப்பு).

இரண்டாம் வகையே இவ்வாய்வின் உயிர். 'இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை.' தலைமுறை தலைமுறையாக நம் மாணவர்கள் இந்த ஒரே பறவையாகத்தான் ஆகிவருகிறார்கள். 'வாஸ்' என்று எழுதியவனுக்குச் சிவப்பு மைச் சுழி. 'ஐ' ஒருமையாயிற்றே, 'வேர்' எப்படி வரும் என்று கேட்டவனுக்குப் பெஞ்சுமேல் இடம். ஆனால் எந்தப் பறவை என்று எவரும் கேட்டதில்லை. நெருப்புக்கோழியானால் ஓடத்தான் முடியும். பென்குயினானால் நீந்தலாம். ஆக, இலக்கணத்தில் முழு மதிப்பெண் பெறும் வாக்கியம் விலங்கியலில் தோற்கிறது. நாட்டுக்கோழியோ கூரைவரை பறக்கும். அதற்கு அரை மதிப்பெண் தரலாமா? கூடாது என்பார் பாட்டி (மேற்படி உரை, மாலைப் பதிப்பு, காலையில் சொன்னது அனைத்தையும் மறுத்துத் திருத்தியது, கோழி விரட்டியபோது அருளிய பின்னிணைப்புடன்).

வீண் விவாதம் என்போர் சான்றோர் மரபை அறியார். எந்த நிபந்தனை வாக்கியம் மெய் என்று கூரைமேல் காக்கைகள்கூடக் கரைவதாகக் கிண்டலடித்தார் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் கல்லிமாக்கஸ். அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1973இல் வெளியிட்ட 'கவுன்டர்ஃபேக்சுவல்ஸ்' நூல், வாலில்லாத கங்காரு விழுந்துவிடும் என்ற எடுத்துக்காட்டோடுதான் தொடங்குகிறது. கங்காருவின் வாலை நீக்கியவர் பேராசிரியர். பறவையின் பெயர் கேட்பவன் அதிகப்பிரசங்கி.

ஆக்ஸ்ஃபோர்டின் ஜே. எல். ஆஸ்டின் 1956ஆம் ஆண்டு உரையொன்றில் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றால் அலமாரியில் பிஸ்கட் இருக்கிறது என்கிறோம். வேண்டாமென்றாலும் அங்கேதானே இருக்கும்? இவ்வகைக்கு ஆய்வுலகில் இன்று 'பிஸ்கட் நிபந்தனை' என்றே பெயர். இதை நானும் இட்டுக்கட்டவில்லை, பாட்டியும் இட்டுக்கட்டவில்லை.

மூன்றாம் வகை, நடக்காமல் போனதைப் பற்றியது. 'அன்றைக்கே அந்த மனையை வாங்கிப் போட்டிருந்தால்' என்று வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் தேர்வில் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹாட்' எங்கே, 'வுட் ஹாவ்' எங்கே என்று பார்க்க வேண்டும். வீட்டில் பெருமூச்சு போதும்.

விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். 'நான் பறவையாக இருந்தால் இந்தத் தேர்வுக்கு வந்திருக்கவே மாட்டேன்' என்று எவனாவது ஆங்கிலத்தில் எழுதினால், இரண்டில் தொடங்கி மூன்றில் முடிகிறதே என்று சுழித்துவிடாதீர்கள். அதற்குக் கலப்பு வகை என்று பெயர். இலக்கண நூல்கள் ஒப்புக்கொண்டதுதான்.