பால் காய்ச்சின வான்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 ஆனி

அன்புள்ள குஞ்சியப்புவுக்கு,

நலம், நலமறிய ஆவல் எண்டு தொடங்கினால் சிரிப்பியள். போன ஞாயிறும் வட்ஸ்அப்பிலை முகம் பார்த்துத்தானே கதைச்சனாங்கள். ஆனால் அண்டைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னாலை வடிவாய் மறுமொழி சொல்ல ஏலாமல் போச்சு. பக்கத்திலை என்ரை மனிசி, உங்கடை மருமகள், நிண்டவ. "இருக்கிற வீட்டைப் பூட்டிப்போட்டு, சில்லு வைச்ச இன்னொரு வீடு என்னத்துக்கடா?" எண்டியள். அவவும் பனி பெய்யத் தொடங்கின நாளிலையிருந்து அதைத்தான் கேக்கிறா. அதாலை இதை ரெண்டு பேருக்குமான விளக்கமாய் வைச்சுக்கொள்ளுங்கோ. கடிதத்திலை ஒரு வசதி, இடையிலை ஒருத்தரும் குறுக்கை கதைக்க ஏலாது.

முதலிலை சாமான் என்னவெண்டு சொல்லுறன். இஞ்சை மோட்டார்ஹோம் எண்டால் பல சாதி. பெரிசு 40 அடிக்கும் மேலை போகும், பஸ்தான். உள்ளுக்கை உடுப்புத் தோய்க்கிற மெசின்கூட இருக்கும். அதை ஓட்டுறவர், கடைதெருவுக்குப் போறதுக்கெண்டு பின்னாலை ஒரு காரையும் கொழுவி இழுத்துக்கொண்டு போவார். நான் தேடினது கடைக்குட்டி: சாதாரண வானுக்குள்ளையே கட்டில், குசினி, கக்கூசு, குளிப்பறை எல்லாத்தையும் அடக்கி, அதுக்கு மேலை தோல் கதிரையும் பளபளத்த மரலாச்சியும் வைச்ச சொகுசு வண்டி. கொடிகாமத்திலையிருந்து பருத்தித்துறைக்குப் போன தட்டி வானை நினைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குள்ளை ஒரு சந்தையே ஏறிச்சுது. இதுக்குள்ளை ரெண்டே ரெண்டு பேர். மிச்ச இடம் முழுக்க வசதி.

புதுசு எங்களுக்குச் சரிப்பட்டு வராது. மெர்சிடஸ் ஸ்பிறின்டரிலை எயார்ஸ்ட்ரீம் கம்பனி செய்யிற இன்டர்ஸ்டேற் ஒண்டு ரெண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேலை. அந்தக் காசுக்குச் சுன்னாகத்திலை காணி வாங்கி மாடி கட்டலாம் எண்டு நீங்கள் சொல்ல முதலே நான் சொல்லிப்போடுறன். அதாலை பழசுதான். பழசுக்கு இது நல்ல காலமும்கூட. கொரோனாக் காலத்திலை பிளேனும் இல்லை, ஹோட்டலும் இல்லை எண்டு சனம் முண்டியடிச்சு வாங்கிச்சுது. 2021ஆம் ஆண்டிலை மட்டும் வட அமெரிக்காவிலை, இழுவைப் பெட்டிகளையும் சேர்த்து, ஆறு இலட்சம் வண்டியள் பட்டறையாலை வெளியிலை வந்ததாம். அப்ப வாங்கின கனபேர் இப்ப முற்றத்திலை நிக்கிறதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகினம். உங்கை 2020 பங்குனியிலை இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசிவரைக்கும் திறக்காமல் வைச்சிருந்து, பத்து வரியப் பழசையும் வாங்கின விலைக்கு மேலை விக்க வைச்சாங்கள் எல்லே? இஞ்சை அதுக்கு நேர்மாறு. வாகனம் வாசலைத் தாண்டின உடனை விலை விழும். உங்கடை பழைய ஏ40 காரைப் பற்றிச் சொன்னால் இஞ்சத்தைப் பெடியள் நம்பமாட்டாங்கள். தகப்பன் ஓடி, மகன் ஓடி, இன்னும் விலை ஏறுது எண்டால் அது காரோ, காணியோ எண்டு கேப்பாங்கள்.

தேடத் தொடங்கினது இலையுதிர் காலத்திலை. குளிர்காலம் முழுக்க நிப்பாட்டி வைக்க இடத்துக்கு வாடகை குடுக்க வேணுமெண்டு ஆக்கள் அப்ப குறைச்சு விப்பினம். ஆனால் ஒரு சிக்கல். உறைபனிக்குத் தண்ணிக் குழாயள் வெடிச்சுப் போகாமல், றோசாப்பூ நிறத்திலை ஒரு திரவத்தை உள்ளுக்கை ஓடவிட்டு எல்லாத்தையும் மூடிப்போடுவினம். நாங்கள் போய் "பைப்பைத் திறந்து காட்டுங்கோ" எண்டால், "எல்லாம் திறமாய் வேலை செய்யும், ஆனால் சித்திரை மட்டும் காட்டேலாது" எண்டுவினம். சித்திரையிலை போனால் காட்டுவினம், விலை ஐயாயிரம் ஏறியிருக்கும். இப்பிடி ஒரு வியாபார நுட்பம் எங்கடை சந்தையிலை ஒருத்தருக்கும் பிடிபடேல்லை.

கிச்சனர், பாரி, ஒட்டாவா எண்டு ஒன்ராறியோ முழுக்கத் திரிஞ்சன். போன இடமெல்லாம் விளம்பரத்திலை "புதுசு மாதிரி". ஒருத்தர் ரயரைக் காட்டி, "பாருங்கோ, பல்லுத் தேயவே இல்லை" எண்டார். ரயரின்ரை பக்கத்திலை நாலு இலக்கம் அடிச்சிருக்கும், குஞ்சியப்பு. முதல் ரெண்டும் கிழமை, மற்ற ரெண்டும் வரியம். அதிலை 2211 எண்டு கிடந்தது. 2011ஆம் ஆண்டு இருபத்திரெண்டாம் கிழமை செய்தது. தேயாததுக்குக் காரணம் ஓடாதது. ஓடாமலே கிழண்டு வெடிச்சுப் போச்சு. இந்த வண்டியளுக்கு ஓட்டம் குறைவு எண்டால் சந்தோசப்படக்கூடாது, ஐமிச்சப்பட வேணும். ஜெனரேற்றரை மாசத்துக்கு ஒருக்காவாவது ஓட விடாட்டில் அது அடைச்சுப் போகும். நிண்ட இடத்திலை எலி வந்து வயரைத் தின்னும். ஒரு வண்டியிலை கட்டிலுக்குக் கீழை எலி குடும்பமாய் இருந்து, பிள்ளை குட்டியையும் ஒப்பேத்திப்போட்டு இடம்பெயர்ந்து போயிருந்தது. விக்க வந்தவர் முகத்தை வேறை பக்கம் திருப்பி வைச்சிருந்தார்.

மற்றது உப்பு. நாங்கள் ஆனையிறவு உப்பைக் கறிக்குப் போடுறம். இவங்கள் குளிர்காலத்திலை லொறி லொறியாய் உப்பை றோட்டிலை கொட்டுறாங்கள், பனி உருக. அது வாகனத்தின்ரை அடிவயித்தைத் தின்னும். நான் போன இடமெல்லாம் மண்ணிலை முதுகு பட வண்டிக்குக் கீழை படுத்துப் பார்த்தன். ஒருத்தர் ஓடிவந்து அம்புலன்ஸ் கூப்பிடவோ எண்டு கேட்டார். சுன்னாகம் சந்தியிலை உங்களோடை நிண்டு பழகின பழக்கம் அது. மேலை உள்ள வண்ணத்தைப் பார்க்கிறவன் மாப்பிள்ளை, கீழை பார்க்கிறவன் மெக்கானிக் எண்டு சொல்லுவியள். உள்ளுக்கை போனால் முதலிலை மூக்கு. கூரை யன்னல் ஓரத்தாலை மழைத்தண்ணி இறங்கியிருந்தால் எவ்வளவு வாசனை அடிச்சாலும் ஈரப்பலகை மணம் மறையாது. "எலுமிச்சை மணமாய் இருக்கு, நல்ல வண்டி" எண்டா உங்கடை மருமகள். எலுமிச்சை மணத்தாலைதான் நான் அந்த வண்டியை விட்டிட்டு வந்தனான்.

கடைசியிலை அகப்பட்டது றோட்ரெக் 190. கிச்சனரிலை செய்தது, நீளம் 19 அடிச் சொச்சம், செவ்றொலே வானிலை கட்டினது. அந்தக் கம்பனி பிறகு ஜெர்மன்காரற்றை ஹைமர் குழுவுக்குக் கைமாறி, 2019இலை கணக்குக் குளறுபடியாலை படுத்து, ஒரே நாளிலை நூற்றுக்கணக்கான ஆக்களுக்கு வேலை போய், பேரை ரபிடோ எண்ட பிரெஞ்சுக் கம்பனி வாங்கினது. என்ரை வண்டி அந்தக் கூத்துக்கு முந்தினது. எஞ்சின் செவ்றொலே எண்டபடியாலை எந்தக் கராஜிலையும் திருத்தலாம். அது எனக்குக் கம்பனிப் பேரிலும் பார்க்கப் பெரிசு.

வித்தது லண்டன் பக்கம் ஒரு கிழவி. இஞ்சையும் ஒரு லண்டன் இருக்கு, பயப்பிடாதேங்கோ. எண்பதைத் தாண்டின மனிசி, புருசன் இல்லை. அவர் எழுதி வைச்ச ஒரு கொப்பியை எடுத்துத் தந்தா. எந்தத் தேதியிலை எண்ணெய் மாத்தினது, எந்த ஊரிலை எந்தப் பல்ப் எரிஞ்சு போனது, எந்த முகாமிலை நுளம்பு கூட, எல்லாம் பென்சிலாலை. நான் விலை பேசப் போனனான், அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு வாய் திறக்கேல்லை. 58,000 டொலர். அவ கரண்டியள், தேத்தண்ணிக் கோப்பையள், தேசப்படப் புத்தகம் எல்லாம் சேர்த்துத் தந்தா. அதுக்கு மேலை அரசாங்கத்துக்கு 13 வீதம், 7,540. பழசுக்கும் வரியோ எண்டு கேக்காதேங்கோ. விலையைக் குறைச்சு எழுதியும் தப்பேலாது. அவங்களிட்டை விலைப் புத்தகம் இருக்கு, ரெண்டிலை எது கூடவோ அதுக்குத்தான் வரி.

இனி உங்கடை கேள்வி. இதிலை போய் எப்பிடி இருக்கிறது எண்டு இஞ்சை வகுப்பு நடக்குது, குஞ்சியப்பு. இளைப்பாறின வங்கி முகாமையாளர்மார் காசு கட்டிப் போய்ப் படிக்கினம். பாடம் என்னெண்டால்: நூறு லீற்றர் தண்ணியை ரெண்டு பேர் எத்தினை நாளைக்குப் பாவிக்கிறது, கோப்பையைத் துடைச்சுப்போட்டுக் கழுவினால் எவ்வளவு மிச்சம், பற்றரி இறங்க முதல் எந்த லைற்றை நூர்க்கிறது, கரண்ட் இல்லாத இடத்திலை இரவைக் கழிக்கிறது எப்பிடி. தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்திலை இருந்தவனுக்கு இதைப் படிப்பிக்கிறதோ? பெற்றோலும் இல்லை, பற்றரியும் தடை. ஜாம் போத்திலுக்குள்ளை திரியைப் போட்டு விளக்குக் கொளுத்தி ஏ.எல். படிச்சனாங்கள். சைக்கிளைத் தலைகீழாய் வைச்சு மிதிச்சு, டைனமோவிலை றேடியோச் செய்தி கேட்டனாங்கள். நீங்கள் காபரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, நல்லூர்த் தேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கார் அந்த ஏ40. இவங்கள் அறுபது வயசிலை காசு குடுத்துப் பழகிறதை நாங்கள் மீசை முளைக்க முதல் பழகிப்போட்டம். அந்தப் படிப்பு வீணாய்ப் போகுதே எண்டதுதான் எனக்கு இவ்வளவு காலமும் கவலை.

இந்த வண்டியின்ரை குளிர்ப்பெட்டியைப் பார்த்தால் நீங்கள் சந்தோசப்படுவியள். காஸ் நெருப்பிலை குளிர் வரும். பழைய மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியின்ரை அதே வித்தை; 1922இலை சுவீடனிலை ரெண்டு மாணவர் கண்டுபிடிச்சது. பள்ளத்திலை சரிஞ்சு நிண்டால் மட்டும் வேலை செய்யாது. அதாலை நான் இப்ப எங்கை நிப்பாட்டினாலும் தண்ணிமட்டம் வைச்சுப் பார்க்கிறன், மேசன்மார் மாதிரி.

"கக்கூசுத் தொட்டியை ஆர் அள்ளுறது?" எண்டு சித்தி பின்னாலையிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. நான்தான். அதுக்கெண்டு முகாமிலை ஒரு குழி இருக்கு. கையுறையைப் போட்டு, குழாயைக் கொழுவி, கைப்பிடியை இழுத்து விடுறது. போன கிழமை எனக்கு முன்னாலை வரிசையிலை நிண்டவர் இருதய சத்திரசிகிச்சை நிபுணராம். ஊரிலை வாளிக் கக்கூசுக் காலத்திலை அந்த வேலையை ஆற்றை தலையிலை ஏத்தி வைச்சம் எண்டும், அந்த ஆக்களுக்குத் தேத்தண்ணியை எதிலை குடுத்தம் எண்டும் எங்கடை சனத்துக்கு மறந்துபோச்சு. இந்த வண்டி வாங்கிறவன் அவனவன்ரையை அவனவன் கொண்டுபோய் ஊத்த வேணும். இதை வாங்கிறதுக்கு இது ஒண்டே காணும் எண்டு நான் சொல்ல, கலியாண வீட்டிலை எங்கடை ஆள் ஒருத்தர் பலகாரத்தைக் கீழை வைச்சிட்டு எழும்பிப் போனார்.

வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோக வேணும் எல்லே? ஐயர் சுத்திப் பார்த்து, கதவைத் திறந்து பார்த்து யோசிச்சார். "இது வாகனமோ, வீடோ? வாகனமெண்டால் தேசிக்காய். வீடெண்டால் குடிபூரல்" எண்டார். தட்சிணை எதுக்குக் கூட எண்டு நான் கேக்க முதல், உங்கடை மருமகள் ரெண்டையும் செய்யச் சொல்லிப்போட்டா. சில்லுக்குத் தேசிக்காய் நசிச்சு, முன்னாலை தேங்காய் உடைச்சு, உள்ளுக்கை அந்தக் குட்டி அடுப்பிலை பால் காய்ச்சினம். பொங்கி வழியாட்டில் சகுனம் சரியில்லை எண்டு அவ நெருப்பைக் கூட்ட, கற்பூரப் புகையும் சேர, கூரையிலை இருந்த புகை மணி அலறத் தொடங்கிச்சுது. ஐயர் மந்திரத்தை நிப்பாட்டேல்லை, சத்தத்தைத்தான் கூட்டினார். பால் பொங்கி வழிஞ்சு அந்தக் கிழவி தந்த தேசப்படப் புத்தகத்துக்கு மேலை போச்சு. கியூபெக் முழுக்க நனைஞ்சிட்டுது.

உங்கடை மருமகள் ஒரு கேள்வி வைச்சிருந்தவ: "1995 ஐப்பசியிலை யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்கை உழவு மெசின் பெட்டியிலை படுத்தது காணாதோ?" அண்டைக்கு இரவு மழையுக்கை நாவற்குழிப் பாலத்திலை சனம் நெருக்கி நிக்க, எங்கடை பெட்டியிலை பதினொரு பேரும் ஒரு ஆடும். நீங்கள் பொலித்தீனைத் தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் நிண்டியள். நான் அவவுக்குச் சொன்ன மறுமொழி, "அதிலை கக்கூசு இருக்கேல்லை." அதுக்குப் பிறகு அவ ஒண்டும் கதைக்கேல்லை, ஆனால் அடுத்த நாள் யன்னல் சீலைக்குத் துணி எடுக்கப் போனவ.

முதல் பெரிய ஓட்டம் நியூபவுண்ட்லாந்துக்கு. இஞ்சையிருந்து கிழக்கை போய், நோவா ஸ்கோசியாவிலை கப்பல் ஏற வேணும். கப்பலிலை நீளத்துக்குத்தான் காசு. 20 அடிக்குள்ளை எண்டால் கார்க் கணக்கு. குட்டி வண்டி வாங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு சித்தியிட்டைச் சொல்லுங்கோ. 1986 ஆவணியிலை ரெண்டு உயிர்காப்புப் படகிலை மிதந்த 155 தமிழரை மீன்பிடிக்காரர் தூக்கினது அந்தத் தீவுக்கு அங்கால்தான். அந்தப் படகிலை வந்த என்ரை சிநேகிதன் ஒருத்தன் பக்கத்துத் தெருவிலை இருக்கிறான். அந்தக் கரையை ஒருக்கா நிண்டு பார்க்க வேணுமெண்டு கனகாலமாய்ச் சொல்லுறவன். வாவன் எங்களோடை எண்டு வண்டியைக் காட்டினன். உள்ளுக்கை ஏறி, கட்டிலைத் தட்டிப் பார்த்து, தலை கூரையிலை முட்ட ஒருக்கா நிமிர்ந்து, இறங்கினான்.

"வாறன் மச்சான். ஆனால் எனக்கு ஹோட்டலிலை அறை போடு."

இப்படிக்கு,
உங்கடை பெறாமகன்