சர்க்கரைக்கு எங்கே தொடணும்?

பெங்களூர் நீலசந்திராவில் வளர்ந்தவர்களுக்கு ஊர் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த ஊரும் அந்நியமாகத் தெரியாது. வீட்டுக்குள் தமிழ், பால்காரரிடம் கன்னடம், எதிர்க் கடையில் உருது, ரம்ஜானுக்கு ஒரு வீட்டுப் பிரியாணி, கிறிஸ்துமஸுக்கு இன்னொரு வீட்டு கேக், வியாழக்கிழமையானால் விவேக்நகர் குழந்தை யேசு கோயிலில் மெழுகுவத்தி, வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு எலுமிச்சை விளக்கு. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் நாலு தேசம் பார்த்துவிடுகிறோம். இந்தப் படிப்பில் முனைவர் பட்டம் வரை போனவர் என் அம்மா.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒசாகாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனோம். நாரா பார்க்கலாம் என்று திட்டம் போட்டது மாப்பிள்ளை. கணினிக்காரர், எதையும் ஆதியிலிருந்து விளக்குவார். "அத்தை, 710-லேர்ந்து 784 வரைக்கும் நாராதான் ஜப்பானுக்கே தலைநகரம். அப்புறம் ராஜா தலைநகரத்தை மாத்திட்டார். கோயிலெல்லாம் அங்கேயே நின்னுபோச்சு" என்று ரயிலில் ஆரம்பித்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "காஞ்சிபுரம்னு சொல்லுங்க மாப்பிள்ளை, புரிஞ்சிடும்" என்றார். வரலாற்று வகுப்பு அத்தோடு கலைந்தது.

நாராவில் நம்மை முதலில் வரவேற்பது மான். பூங்காவில் 1,300-க்கு மேல் இருக்கின்றன. கசுகா கோயிலின் தெய்வம் காஷிமா என்ற ஊரிலிருந்து வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக ஐதிகம். அதனால் மான்கள் தெய்வத்தின் தூதர்கள். 1957-இல் அரசாங்கமும் இயற்கைச் சின்னம் என்று அறிவித்துவிட்டது. அவை சாலையில் சாவகாசமாக நடக்கும், கார்கள் பொறுமையாக நிற்கும். எங்கள் பஜார் தெருவிலும் மாட்டுக்காகப் பஸ் நிற்கும். அங்கே பக்தி, இங்கே வேறு வழியில்லை.

மானுக்கென்றே ஒரு பிஸ்கெட் விற்கிறார்கள். நாங்கள் போனபோது கட்டு 200 யென். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் செய்தது, சர்க்கரை கிடையாது. கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக்கூட மான் தின்றால் கெடுதல் வராதபடி சோயா மையில் அச்சடித்திருக்கிறார்கள். பிஸ்கெட்டைத் தூக்கிப் பிடித்தால் மான் தலை குனிந்து கும்பிடும். நாமும் குனிந்தால் அது மறுபடி குனியும். சுற்றுலாப் பயணிகள் இதைப் பார்த்து உருகிப்போவார்கள்.

அம்மா உடுத்தியிருந்தது கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை. அரிசிக் கஞ்சி. தவிட்டுப் பிஸ்கெட்டுக்குப் பழகின மூக்குக்கு அது என்ன மாதிரி மணந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா கையில் பிஸ்கெட்டோடு முன்னால் நின்ற மானோடு பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒன்று வந்து முந்தானையின் ஓரத்தை வாயில் வைத்து நிதானமாக மென்றது. ஒரு சாண் உள்ளே போன பிறகுதான் இழுவை தெரிந்தது. அம்மா திரும்பி, "ஏய்! பிடோ! ஹோகு அத்த!" என்று கன்னடத்தில் அதட்டினார். (வெளியாள் யாராக இருந்தாலும் அம்மா கன்னடத்தில்தான் ஆரம்பிப்பார். அதற்கும் மசியாவிட்டால் உருது.) மான் முந்தானையை விட்டது. ஓர் அடி பின்வாங்கிப் பவ்வியமாகத் தலை குனிந்தது.

"பாருடா! கும்பிட்டுட்டுத் திருடுறவங்களை நம்ம வார்டுல நிறையப் பார்த்திருக்கேன். திருடிட்டுக் கும்பிடுறதை இங்கேதான் பார்க்கிறேன்."

அடுத்தது கோபுகுஜி கோயிலின் ஐந்தடுக்கு கோபுரம். இப்போது நிற்பது 1426-இல் கட்டியது, 50 மீட்டர் உயரம். எங்களுக்குக் கிடைத்தது சாரமும் அதைச் சுற்றிய மறைப்பும்தான். மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. "திருப்பணி நடக்குது. கும்பாபிஷேகம் எப்போன்னு கேளு, முடிஞ்சா வரலாம்."

தோதாய்ஜிக்கு வருவோம். நாரா என்றால் அதுதான். 735-இல் தொடங்கி ரெண்டு மூன்று வருஷம் ஜப்பானைப் பெரியம்மை சூறையாடியது. ஊர் ஊராக ஜனம் மாண்டது. ஷோமு பேரரசர் 743-இல் ஒரு வேண்டுதல் வைத்தார்: மாபெரும் புத்தர் சிலை ஒன்று வார்ப்பேன். நாட்டில் கிடைத்த செம்பையெல்லாம் திரட்டி, 15 மீட்டர் உயரத்தில் வைரோசன புத்தரை உட்கார வைத்தார். அம்மை போட்டதற்கு நேர்ந்துகொண்ட சிலை என்றதும் அம்மாவுக்கு அந்த ராஜாவோடு நெருக்கம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் அம்மை கண்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ராஜா வசதிக்காரர், செம்பு ஊற்றியிருக்கிறார்.

மண்டபம் மரத்தால் ஆனது. 1180-இல் ஒரு தரம், 1567-இல் ஒரு தரம் போரில் எரிந்து, 1709-இல் எழுப்பியது இப்போது இருப்பது. அகலம் 57 மீட்டர். பழையது இதைவிட அகலமாம். உள்ளே நுழைந்ததும் பேச்சு தானாக நின்றுவிடுகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். அம்மாவுக்கு நிற்கவில்லை. "இவ்ளோ பெரிய சாமிக்கு ஒரு கற்பூரம் காட்டினா என்ன?" மர மண்டபம், ரெண்டு தரம் எரிந்தது என்று சொன்னேன். கைப்பையைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார். உள்ளே கற்பூர டப்பா இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

புத்தருக்குப் பின்பக்கம் ஒரு தூணின் அடியில் சதுரமாக ஓட்டை ஒன்று போட்டிருக்கிறார்கள். புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவு என்கிறார்கள். அதில் நுழைந்து வெளியே வந்தவர்களுக்கு ஞானம் நிச்சயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் எழுந்து ஓடுகின்றன. பெரியவர்கள்தான் தயங்குகிறார்கள். அம்மா ஒரு பார்வை பார்த்தார். "அட, இடுக்குப் பிள்ளையார்!"

பெங்களூர்த் தமிழர்கள் பௌர்ணமிக்குப் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போகிறவர்கள். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் சந்நிதியில் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வராதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. எனவே தொழில்நுட்பம் அம்மா கையில் இருந்தது. மாப்பிள்ளையைப் படுக்கச் சொன்னார். "ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டுங்க. இப்ப ஒரு தோளை மட்டும் விடுங்க. மூச்சை வெளியே விட்டுட்டுப் போங்க." மாப்பிள்ளை இடுப்பு வரை போனார். அப்புறம் ஞானத்துக்கும் அவருக்கும் இடையே பெல்ட் பக்கிள் நின்றது. இந்தப் பக்கம் நான் தள்ள, அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஜப்பானியர் ஒருவர் கைகளைப் பிடித்து இழுக்க, அம்மா அவரிடம் "ஸ்வல்ப மெல்லகே" (கொஞ்சம் மெதுவா) என்று சொல்ல, அவர் "ஹை, ஹை" என்று சொல்ல, வரிசையில் நின்ற குழந்தைகள் கைதட்ட, மாப்பிள்ளை பிறந்தார். நான் முயலவில்லை. பாண்ட் அளவு தெரிந்தவனுக்குத் தனியாக ஞானம் எதற்கு?

மண்டபத்துக்கு வெளியே, வாசலுக்கு வலப்பக்கம், சிவப்புக் குல்லாய் போட்டு ஒரு மரச்சிலை உட்கார்ந்திருக்கிறது. பின்ஸுரு. புத்தரின் சீடரான நம் நாட்டுப் பிண்டோல பாரத்வாஜர்தான் அவர். சித்து வேலையைப் பலர் முன்னிலையில் காட்டிவிட்டார், அதனால் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள் என்று கதை. இப்போது வைத்தியம் பார்க்கிறார். உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அவர் உடம்பில் அந்த இடத்தைத் தடவி, பிறகு உங்கள் உடம்பில் தடவிக்கொள்ள வேண்டும். டோக்கன் கிடையாது, பீஸ் கிடையாது.

அம்மா முழங்காலைத் தடவினார். இடுப்பைத் தடவினார். தோள்பட்டை, கழுத்து, கண். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நான் கையைப் பிடித்து இழுக்காத குறை, அவர் நகரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், சர்க்கரைக்கு எங்கே தொடணும்?"

1,200 வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்க்கும் பௌத்தத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மாப்பிள்ளை போனை எடுத்துக் கணையம் வயிற்றில் எங்கே இருக்கிறதென்று தேடினார். அம்மா அதற்குள் வயிற்றை மொத்தமாக ஒரு தடவு தடவிவிட்டு வந்துவிட்டார். அன்று மாலை லட்டு மாதிரி ஒரு அரிசி உருண்டையைத் தைரியமாகச் சாப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டில்தான் நாரா எங்களைப் படுத்தியது. நாங்கள் போனது புரட்டாசியில். மற்ற மாதங்களில் ஜான்சன் மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் பையோடு போகிற அம்மா, புரட்டாசியில் முட்டை ஓட்டைக்கூட மிதிக்க மாட்டார். நாராவின் பெயர் பெற்ற பண்டம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் காய்க்குமே, சீமைப் பனிச்சை, அதன் இலையில் மடித்த சோற்றுக்கட்டி. பச்சை இலையில் கச்சிதமாக மடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இலையைப் பிரித்தார். வினிகர் சோற்றின் மேல் மினுமினுவென்று கானாங்கெளுத்தி மீன் துண்டு. இலையை அதே மடிப்பில் மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். வெறும் நூடுல்ஸ் கேட்டோம், குழம்பில் மீன் தூள். ஊறுகாயாவது தொட்டுக்கொள்ளலாம் என்றால், நாராவின் ஊறுகாய் அரிசிச் சாராயம் வடித்த மண்டியில் மாதக்கணக்கில் ஊறினது. நாலு துண்டு தின்று "நல்லா இருக்கே" என்ற பிறகுதான் மாப்பிள்ளை விவரம் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீன் இல்லையே?" என்று கேட்டு ஐந்தாவது துண்டை எடுத்தார்.

இனி சொல்லப்போவதுதான் நான் நாரா போனதற்கான காரணம். அந்த 15 மீட்டர் புத்தருக்கு 752-இல் கண் திறந்தபோது, தூரிகையைப் பிடித்தவர் தென்னிந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. மதுரைக்காரர் என்றும் சிலர் சொல்கிறார்கள். சீனா வழியாகக் கப்பலேறி 736-இல் ஜப்பான் சேர்ந்தார். கூட வந்தவர்களில் சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் உண்டு. நாராவிலேயே தங்கி, சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து, 760-இல் அங்கேயே காலமானார். கண் திறந்த அன்று தூரிகையில் நீளமாக நூல் கட்டி, அந்த நூலை ராஜ குடும்பமும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோருமாகச் சேர்ந்து கண் திறந்த புண்ணியம் கிடைக்கட்டும் என்று. அந்தத் தூரிகையும் நீல நூலும் ஷோஸோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் காத்தா பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறதென்று அம்மாவுக்கே தெரியாது.

அம்மாவின் கவலை வேறு. "அவருக்கு யாருடா விசா கொடுத்தாங்க? நமக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட்டு, போட்டோ, மாப்பிள்ளை லெட்டருன்னு அத்தனை கேட்டாங்க." துறவிக்கு பேங்க் கணக்கு இல்லை, அதனால் ஸ்டேட்மென்ட்டும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றேன்.

திரும்புகிற வழியில் இகோமா. அங்கே மலைமேல் ஹோஸான்ஜி கோயிலில் பிள்ளையார் இருக்கிறார் என்று தெரிந்தபின் அம்மாவை ரயிலில் உட்கார வைக்க முடியுமா? மலையேற 1918-லேயே இழுவை ரயில் போட்டுவிட்டார்கள், ஜப்பானில் அந்த வகையில் அதுதான் முதல். இப்போது பெட்டிகளுக்கு நாய் முகமும் பூனை முகமும் வைத்திருக்கிறார்கள். பிள்ளையார் கோயிலுக்குப் பூனை மேல் போவதில் அம்மாவுக்கு ஆட்சேபம் இருந்தது, பெருச்சாளிக்குச் சங்கடம் என்று. நாய்க்காகக் காத்திருந்து ஏறினோம்.

மேலே போனால் பிள்ளையாரைக் காட்ட மாட்டார்கள். அங்கே அவர் காங்கிதென், மறைவாகவே வைத்து வழிபடும் மூர்த்தி. முள்ளங்கியும் பணப்பையும் அவருடைய சின்னங்கள். வியாபாரிகள் வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். தெருமுனைக்கு ஒரு பிள்ளையார், மின்கம்பத்தடியில் ஒரு பிள்ளையார் என்று வளர்ந்த எங்களுக்கு இது புதிது. காங்கிதென் பெரும்பாலும் ரெண்டு யானைமுகத்தவர் தழுவி நிற்கும் ஜோடி உருவம், அதனால்தான் திரை என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா அதிரவில்லை. "அப்போ ஜப்பான் வந்துதான் கல்யாணம் ஆகியிருக்கு. ஆத்தங்கரையிலேயே உட்கார்ந்திருந்தா ஆகுமா?" என்று திரைக்கு நேராக மூன்று தோப்புக்கரணம் போட்டார். முழங்கால் ஒத்துழைத்ததைப் பின்ஸுரு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

போதிசேனர் சமாதி இருக்கும் ரியோஸென்ஜிக்கு மறுநாள் போனோம். மான் கிடையாது, கூட்டம் கிடையாது. கோயிலுக்குள்ளேயே பெரிய ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார்கள், மொட்டு விரிய ஆரம்பித்திருந்தது. எங்கள் நீலசந்திராவிலும் ரோஸ் கார்டன் என்று ஒரு பகுதி உண்டு. மெக்கானிக் ஷெட் உண்டு, கறிக்கடை உண்டு, தண்ணீர் லாரி உண்டு, ரோஜா மட்டும் பூக்கடையில்தான். அம்மா சமாதி முன்னால் நின்று, இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாகத் தமிழில் ஒரு வெளியாளிடம் பேசினார்: "சாமி, ஊர்லேர்ந்து வந்திருக்கோம்."

நாரா போகிறவர்களுக்கு: ஒசாகா நம்பாவில் கிந்தெத்ஸு ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் நாரா. அதே பாதையில்தான் இகோமாவும், ரியோஸென்ஜிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய தோமியோ ஸ்டேஷனும். மான்களை எல்லோரும் பார்க்கிறார்கள். தோமியோவில் இறங்க மறக்காதீர்கள், அங்கே நம்மூர்க்காரர் ஒருவர் 760-லிருந்து இருக்கிறார். ரோஜா மே மாதமும், அக்டோபர் நடுவிலிருந்தும் பூக்கும். சேலைக்குக் கஞ்சி போடாதீர்கள்.