மீதிக் கதை

சினிமா ரசிகன் என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அவன் சினிமா பார்த்திருக்க வேண்டும் என்றொரு தப்பபிப்பிராயம் உலகத்தில் வெகு காலமாக நிலவி வருகிறது. கொட்டகையின் வாசற்படியை மிதிக்காமலே, தகப்பனாரின் பிரம்புக்குப் பயந்து விளக்கு வைத்த பிறகு தெருவில்கூடத் தலைகாட்டாமலே, எத்தனையோ படங்களின் கதாநாயகிகள் பட்ட கஷ்டங்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கவும், அவர்கள் பொருட்டுப் பள்ளிக்கூடத்தில் சண்டையிட்டுச் சட்டையைக் கிழித்துக்கொள்ளவும் வல்ல பரம ரசிகன் ஒருவன் 1950களின் புதுக்கோட்டையில் வாழ்ந்திருந்தான் என்பதற்கு நானே சாட்சி. ஏனெனில் அவன் நானேதான்.

இந்தச் சித்தி எனக்குக் கைகூடியது என் தாய்மாமனுடைய டிரங்குப் பெட்டியினால். மாமா பார்க்காத படமில்லை; பார்த்த படத்தின் பாட்டுப் புத்தகத்தை வாங்காமல் வீடு திரும்பிய வழக்கமும் இல்லை. பாட்டுப் புத்தகம் என்றால் இன்னதென்று இக்காலத்துக் குழந்தைகளுக்கு விளங்காதாகையால் அதன் லட்சணங்களைச் சற்று விஸ்தரிக்க வேண்டியிருக்கிறது. மட்டமான காகிதத்தில் அச்சிட்டு, கொட்டகையிலே சில அணாக்களுக்கு விற்கப்பட்ட அந்தச் சிறு பிரசுரத்தின் மேலட்டையில் கதாநாயகி ஏதோ ஒரு திசையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பாள். பின்னட்டையில் தலைவலித் தைலமோ மூக்குப்பொடியோ தன் மகிமையைப் பறைசாற்றிக்கொண்டிருக்கும். நடுவிலே நடிகர்களின் ஜாபிதா, கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'பவளக்கொடி'யில் (1934) ஐம்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் என்றால், அவற்றின் நடுவே கதையானது எவ்வளவு ஒடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகங்களில் பாட்டுக்குப் பாட்டு ராகமும் தாளமும் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பினால் எனக்கு யாதொரு பிரயோஜனமும் ஏற்பட்டதில்லை. காம்போதியானாலும் கமாஸானாலும் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் மெட்டொன்றே எனக்குத் தெரியுமாதலால், எல்லாப் பாட்டையும் அதிலேயே பாடி வந்தேன். திண்ணையில் இருந்த தகப்பனாரும் பையன் கணக்குப் பாடத்தில் ஆழ்ந்திருக்கிறான் என்று திருப்தி அடைந்திருந்தார்.

பாட்டுகளைக் காட்டிலும் என்னை ஆட்கொண்டது கதைச் சுருக்கமே. அதை இயற்றியவர் இன்னாரென்று எங்கும் பெயர் கண்டதில்லை. கண்டிருந்தால் அவரைத் தேடிப் போய் ஒன்று காலில் விழுந்திருப்பேன், இல்லையேல் சட்டையைப் பிடித்திருப்பேன். இரண்டே பக்கங்களில் ஒரு ராஜ்யத்தை ஸ்தாபித்து, மந்திரியைத் துரோகியாக்கி, இளவரசனைக் காட்டுக்கு விரட்டி, இளவரசியைப் பாதாளச் சிறையில் அடைத்து, அவள் கழுத்துக்கு நேரே கத்தியையும் ஓங்கச் செய்துவிட்டு, அடுத்த வரியிலே ஈவிரக்கமின்றி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று எழுதி முடித்துவிடுவார். கையில் காசுள்ளவன் கொட்டகைக்குப் போவான். பிரம்புக்குப் பயந்தவன் எங்கே போவான்?

புராணப் படங்களுக்கும் இதே நியதிதான் என்பது இதிலுள்ள விசித்திரம். ஹரிச்சந்திரன் கடைசிவரை சத்தியத்தைக் காத்தானா, சாவித்திரிக்கு எமன் அவள் புருஷனைத் திருப்பிக் கொடுத்தானா என்பனவெல்லாம் திண்ணைக் கிழவிகள் அறிந்த சமாசாரங்களாக இருக்க, அவற்றையும் தேவ ரகசியமாகப் பாவித்துக் கேள்விக்குறியோடு நிறுத்துவார்கள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அப்பாயியிடம் போய், "எமன் புருஷனைத் திருப்பிக் குடுத்தானா?" என்று கேட்டேன். "குடுக்காம என்னடா செய்வான்?" என்றாள். "நீ படம் பாத்தியா அப்பாயி?" என்றேன். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அப்படியானால் அவள் வார்த்தையை எப்படி நம்புவது?

ஆகவே மீதியை நானே நிர்மாணிக்க வேண்டியதாயிற்று. துரோகி மந்திரிகளை முதலைக்குப் போட்டேன். பிரிந்த தம்பதிகளை ஒரே பாட்டில் சேர்த்து வைத்தேன். கதாநாயகன் சிறையை உடைக்கும் சாமர்த்தியம் இல்லாதவனாகத் தோன்றினால், வேறொரு புத்தகத்திலிருந்து பராக்கிரமசாலியான ஒருவனை அழைத்து வந்து உடைக்கச் செய்தேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு கதைகளும் ஒருங்கே முடிந்துவிடும் சௌகரியமும் இருந்தது.

மாமாவின் பக்தி முழுவதும் தியாகராஜ பாகவதரிடத்திலே. நடிகர் சின்னப்பா பிறந்த புதுக்கோட்டையில் குடியிருந்துகொண்டு பாகவதரைக் கொண்டாடுவது ஏறக்குறைய ராஜத்துரோகத்துக்குச் சமானம். எதிர்வீட்டுத் தையற்காரரோ சின்னப்பாவுக்காக உயிரையும், அதைவிட அருமையான தம் தொழில் நேரத்தையும் தியாகம் செய்யச் சித்தமாயிருந்தவர். "உங்காளு ஒருத்தரு. எங்காளு 'ஜகதலப்பிரதாபன்'ல அஞ்சு பேரா உக்காந்து கச்சேரி பண்றாரு, தெரியுமில்ல?" என்பார். "அஞ்சு பேரு சேந்தாத்தானே அண்ணே எங்காளு ஒருத்தருக்கு ஈடு?" என்பார் மாமா. 'ஹரிதாஸ்'தான் மாமாவின் பிரம்மாஸ்திரம். 1944ஆம் வருஷத் தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. வெளிவந்த சில மாதங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகி, 1947இல் விடுதலை ஆகும்வரை சிறையில் இருந்தார். கதாநாயகன் கம்பிக்குள் இருக்கையில் அவன் படம் கொட்டகையை விட்டு நகரவில்லை என்றால் அது தெய்வ சங்கற்பமல்லவா என்று மாமா தழுதழுப்பார். தையற்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "ஆளு வெளிய இருந்திருந்தா அடுத்தடுத்த படம் வந்திருக்கும், இதைத் தூக்கியிருப்பாங்க" என்றார் ஒரு நாள். மாமா மறுவார்த்தை பேசாமல், தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இந்த வழக்குகளிலெல்லாம் இரு தரப்பாரும் மத்தியஸ்தனாகக் கொண்டது என்னையே. ஒரு படத்தையும் பார்த்திராத காரணத்தால் எனக்குப் பட்சபாதம் கிடையாது என்பது அவர்கள் துணிபு.

பிற்காலத்தில் பிரம்பு ஓய்ந்து, தொலைக்காட்சியும் வந்த பிறகு, அந்தப் படங்களில் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தற்புகழ்ச்சி என்று எண்ணினாலும் பாதகமில்லை, சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான முடிவுகள் என்னுடையவற்றுக்கு உறைபோடக் காணா. வில்லன் திடீரென்று திருந்துவான். அல்லது வானத்திலிருந்து விஷ்ணு இறங்கி, கதாசிரியரால் முடியாததைச் செய்து முடிப்பார். என்னை நிராயுதபாணியாக்கியவர் டைரக்டர் வாசன் ஒருவரே. 'சந்திரலேகா'வில் (1948) மலைமலையான முரசுகளின்மேல் பெண்களை ஆடவிட்டு, ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து போர்வீரர்களைப் பாயச் செய்தாரே, அது என் மூளைக்கு எட்டியதே இல்லை. நான் யானைகளோடு நின்றுவிட்டேன். யானைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பார்க்கக் கிடைத்தவற்றின் கதை இது. கிடைக்காதவையோ அநேகம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. கே. பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் சம்பளம் பெற்று ஆண் வேஷத்தில் நடித்த 'பக்த நந்தனார்' (1935) இல்லை. அந்த நந்தனார் சிதம்பரம் போய்ச் சேர்ந்தாரா என்பதை வெள்ளித்திரையில் காண இனி மார்க்கமில்லை. அக்காலத்துப் படச்சுருள் சுலபமாய்த் தீப்பற்றும். தீக்குத் தப்பியது தானே பொடிந்து போகும். அதற்கும் தப்பியதை உள்ளிருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. இன்ன படம் இன்ன கதையைச் சொல்லிற்று என்பதற்குப் பல இடங்களில் பாட்டுப் புத்தகமே மிஞ்சிய அத்தாட்சி. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற மகானுபாவர், நம்மவர் அடுப்பில் போட இருந்த அச்சுக் காகிதங்களையெல்லாம் ஆயுள் முழுவதும் சேகரித்து வைத்ததும், அவர் பெயரால் சென்னையில் ஒரு நூலகம் நடப்பதும் நம்முடைய பூர்வ புண்ணியம்.

இத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபட்ட பெண்ணொருத்தி சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டே வந்தவள் ஒரு புத்தகத்தில் வந்ததும் நின்றாள்.

"இந்தப் படத்தோட பிரதி எங்கயுமே இல்லை ஐயா. உங்க மாமா பார்த்திருப்பாரே, முடிவு என்னன்னு ஏதாவது சொல்லியிருக்காரா?"

மாமா சொன்னதில்லை, முடிவைச் சொன்னால் அடி விழும் என்று நான் எச்சரித்து வைத்திருந்தேன். ஆயினும் முடிவு எனக்குத் தெரியாதா? வேடர் தலைவன் ஒருவன் நள்ளிரவில் பாதாளச் சிறையை உடைப்பதையும், மந்திரி முதலைக்கு இரையாவதையும் விவரமாக எடுத்துரைத்தேன். தேதி போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஜாபிதாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேடர் தலைவன் வேஷம் யாரு போட்டாங்கன்னு இதுல இல்லையே?" என்றாள்.

"அவரை வேற கம்பெனிப் படத்திலேருந்து வரவழைச்சாங்கம்மா" என்றேன். இதில் பொய் லவலேசமும் கிடையாது.

அதையும் எழுதிக்கொண்டு, "அந்தக் காட்சியில பாட்டு எதுவும் உண்டா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லாம இருக்குமா?" என்றேன். "மோகனம், ஆதி தாளம்."