சிலிண்டர் தீர்ந்த துக்கம்

தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் திருமயம். அன்றிலிருந்து இங்கே பேசுகிற ஆளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. கோட்டை பைரவர் கோயிலில் தேங்காய் உடைக்க வண்டியை ஓரங்கட்டுகிற லாரி டிரைவருக்குக்கூட, மதுரைக்கு எந்த வழி போகலாம், மகளை யாருக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று இரண்டு அட்வைஸ் கொடுத்துதான் அனுப்புவோம். பஞ்சமெல்லாம் கேட்கிற காதுக்குத்தான். அந்தக் காலியிடத்தை நிரப்பப் பிறந்தவன் நானே என்று ஐம்பதைத் தாண்டியபின் எனக்கொரு ஞானம் வந்தது.

ஆதாரமில்லாமல் வரவில்லை. நான் நகைக்கடன் கவுன்டரில் உட்காருகிறவன். சங்கிலியைக் கழற்றி வைக்கிறவர்கள் அதை மட்டும் வைப்பதில்லை. ஏன் வைக்கிறோம் என்ற கதையையும் கூடவே வைப்பார்கள். மகனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ், மருமகளுக்கு வளைகாப்பு, சிங்கப்பூர் போன மாப்பிள்ளையிடமிருந்து போனும் இல்லை பணமும் இல்லை. நான் "ம்... ம்..." என்று தலையை ஆட்டுவேன். பாரம் இறங்கின முகத்தோடு போவார்கள். கிராம் கணக்கை எழுதிக்கொண்டேதான் அந்த 'ம்' சொன்னேன் என்பதும், பாரம் இறங்கியது கையில் வந்த ரொக்கத்தால் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

இக்னோவில் எம்.ஏ. சைக்காலஜி சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்றார்கள், என்னுடைய பி.காமையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மையை மறக்க முடியாது. சேதி கேட்டு அம்மா, "ஏன் தம்பி, கீழ்ப்பாக்கத்துல வேலை போட்டுக் குடுப்பாகளா?" என்று கேட்டாள். 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, பாவம், தமிழ்நாட்டில் இன்னும் வசவாகவே புழங்குகிறது. மனைவி மட்டும் சந்தோஷப்பட்டாள். "நல்லதுதான். இனிமேலாச்சும் நான் பேசுறப்ப டிவி சத்தத்தைக் குறைப்பீங்க."

புத்தகங்கள் வந்தன. ஆளுமைக் கோளாறு பற்றிய பாடத்தை ஒரே மூச்சில் முடித்தேன். ஒவ்வொரு கோளாறுக்கும் சொந்தத்தில் ஓர் ஆள் கிடைத்தார். இரண்டு கோளாறு மிஞ்சியது, அவை எனக்கு. அந்த உற்சாகத்தைப் புள்ளியியல் தாள் முடித்துவைத்தது. மனசைப் படிக்கப் போனவனை திட்ட விலக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று யார் கண்டது? ப்ளஸ் டூ படிக்கிற மகனிடம் டியூஷன் கேட்டேன். "இதுகூடத் தெரியாமயா கிளாஸ்ல உக்காந்தீங்க?" என்றான். நான் அவனுக்கு வருஷக்கணக்காகப் போட்ட வசனம், அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் புத்தகம் போட்டார். நான் அர்த்தமுள்ளதை மனப்பாடம் பண்ணியே அவரை முந்தினேன். பரீட்சை ஹாலில் முதலில் மறந்தது அவர் பெயர்.

என்னைக் கவிழ்த்தவர் கார்ல் ரோஜர்ஸ். அமெரிக்கர். 1951இல் அவர் எழுதிய புத்தகம்தான் கவுன்சலிங் தொழிலையே திருப்பிப் போட்டது என்கிறார்கள். வந்தவருக்குப் புத்தி சொல்லாதே, தீர்ப்புச் சொல்லாதே, அவரை அப்படியே ஏற்றுக்கொள், அவர் சொன்னதன் உள்ளே இருக்கிற உணர்ச்சியை எடுத்து அவருக்கே திருப்பிக் காட்டு. மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். படிக்கப் படிக்கப் புல்லரித்தது. உடனே வீட்டில் இறங்கினேன். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சிலிண்டர் தீந்துபோச்சு."

நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, லேசாக முன்னால் சாய்ந்து (இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது), "சிலிண்டர் தீந்ததுல உனக்கு ஒரு வருத்தம் இருக்கு" என்றேன்.

"வருத்தம் என்ன வருத்தம்? புக் பண்ணணும்."

"இன்னும் புக் பண்ணலையேன்னு ஒரு ஆதங்கம்."

உருவுகிற கை நின்றது. "நேத்தே சொன்னேன். அப்பவும் இப்படித்தான் தலையை ஆட்டுனீங்க."

"நான் காதுல வாங்கலைன்னு நீ நெனைக்கிற."

"நெனைக்கல. தெரியும்."

இந்த இடத்தில் மௌனம் காக்கவேண்டும். மௌனமும் சிகிச்சையில் சேர்த்தி. காத்தேன். அவளும் காத்தாள். அவள் மௌனம் என்னுடையதைவிடப் பல வருஷம் சீனியர். கடைசியில் குணமானது நான்தான். போனை எடுத்து சிலிண்டர் புக் பண்ணினேன்.

செய்முறைத் தாளுக்கு உயிருள்ள மனிதர்கள் வேண்டும். மச்சானைப் பிடித்து உட்காரவைத்து, எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மனிதனின் உடனடி நினைவில் நிற்பது ஏழு, கூடக்குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிவைத்திருக்கிறார். மச்சான் ஐந்திலேயே திணறினார். மறதி ஆரம்பமோ என்று நோட்டில் குறிக்கப் போனபோது, அவர் மகள் காதுகுத்துக்கு நான் எழுதிய மொய், அதற்கு முன்னால் அவர் எனக்கு எழுதியது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் கடகடவென்று சொன்னார். மொய் விருந்து நடத்துகிற மாவட்டத்தில் ஞாபகசக்தியை வெறும் எண்ணை வைத்துச் சோதிக்கக் கூடாது. ரூபாய் என்று சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும்.

படிப்பு முடியுமுன்பே ஒருவர் வந்துவிட்டார். தூரத்துச் சித்தப்பா, பங்காளித் தகராறு. "நீ படிச்சவன், நீயே சொல்லுப்பா, தப்பு யாரு பேருல?" நான், "உங்களுக்கு என்ன தோணுது சித்தப்பா?" என்றேன். "எனக்குத் தோணினா உன்கிட்ட ஏன்டா வர்றேன்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே ஐந்து நிமிஷத்தில் மூன்று தீர்ப்பு கிடைத்ததாம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊர் மரபு அப்படி. சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே குன்றில் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். இரண்டு கோயிலாருக்கும் நெடுநாள் வழக்கு. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னால் சபை கூடி, வருமானத்தைப் பங்கு பிரித்து, நடுவில் ஒரு சுவரும் எழுப்பச் சொல்லி, எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். அப்பண்ணர் சிவனைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கும். கூட்டுக் குடும்பப் பிரச்சினைக்குச் சுவரைவிடச் சிறந்த கவுன்சலிங் இருப்பதாக எனக்கு இன்னும் படவில்லை. இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வராது.

இத்தனைக்குப் பிறகும் வாசலில் போர்டு மாட்டலாம் என்றுதான் இருந்தேன். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992ஆம் வருஷத்துச் சட்டம் அது. அதற்கான பயிற்சியே வேறு, இந்த எம்.ஏ. அங்கே செல்லாது. ஆனால் வெறும் கவுன்சலர் என்று பெயின்டரிடம் எழுதி வாங்கினால் நம் நாட்டில் நெடுங்காலமாக ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்புறம் 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதைக் காட்டி, 2025 ஜூலை பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, புதுச் சேர்க்கை கிடையாது என்று யூஜிசி சொல்லிவிட்டது. நான் அதற்கு முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டவன்.

கஷ்டம்தான். வேலையையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சின்ன ஊரில் படிக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இருந்த ஒரு வாசல் அடைபட்டது. அவர்களுக்கு மாற்றுவழி செய்யாமல் கதவை மட்டும் சாத்தியது நியாயமில்லை. ஆனாலும் யூஜிசி பக்கம்தான் நான் கை தூக்குவேன். தபாலில் தங்கத்தை உரசிப் பார்க்க முடியாது. எதிரே ஓர் ஆள் அழும்போது என்ன செய்யவேண்டும் என்பதை, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் திருத்திச் சொல்லித் தரவேண்டும். எனக்கு அப்படித் திருத்தியவள் மனைவி ஒருத்திதான். அவள் கையெழுத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காது.

ஆகவே திருமயம் பக்கம் வருகிறவர்கள் கோட்டையைப் பாருங்கள், இரண்டு கோயிலிலும் கும்பிடுங்கள், நகைக்கடன் வேண்டுமானால் பத்து மணிக்கு மேல் வாருங்கள். மனசு தாங்கவில்லை என்றால் மட்டும் என்னிடம் வரவேண்டாம். 14416க்கு போன் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ், 2022இலிருந்து நடக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.